பத்து வாட் பாரம்

உப்புக்கு எடை உண்டு, மீனுக்கு எடை உண்டு, பழைய பேப்பருக்கும் ஈயம் பித்தளைக்கும் எடை உண்டு, மனுஷனுக்கு இருக்கவே இருக்கிறது என்று நம்பிக்கொண்டு தூத்துக்குடி நங்கூரத் தெருவில் அறுபத்திரண்டு குடும்பங்கள் அதது பாட்டுக்கு வாழ்ந்துகொண்டிருந்தபோது, அந்தத் தெருவின் பதினேழாம் நம்பர் வீட்டுப் பெர்பெத்துவாவுக்கு, நாற்பத்தாறாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு, கிட்டார் ஒன்று வாங்க வேண்டும் என்று தோன்றியது.

அவள் உப்புக் கம்பெனியில் மூட்டை வாய் தைக்கிறவள். இருபத்திரண்டு வருஷமாக அவள் முன்னால் மூட்டைகள் வந்தன, தைக்கப்பட்டன, போயின. ஒவ்வொன்றையும் ஒரு கையால் லேசாக எம்பிப் பார்த்து நகர்த்தியதில், எடை மெஷின் சொல்வதற்கு முன்னால் அவள் கை சொல்லிவிடும், ஐம்பது கிராம் கூடினாலும் குறைந்தாலும் சொல்லிவிடும், மெஷினே கெட்டுப்போனால் மேஸ்திரி மெக்கானிக்குக்குப் போன் போடாமல் "பெர்பெத்தக் கூப்பிடு" என்பார். தையல் மெஷின்களின் கடகடவுக்குள் ஒருத்தி பேசுவது இன்னொருத்திக்குக் கேட்காது. அந்தச் செவ்வாய்க்கிழமை பெல்ட் அறுந்து கொட்டகை முழுக்கப் பத்து நிமிஷம் ஓய்ந்துபோனபோது, தன் தலைக்குள் ஒரு மெட்டு ஓடிக்கொண்டிருப்பதை அவள் கேட்டாள். மூன்று படி ஏறும், இரண்டு படி இறங்கும், கொஞ்சம் நின்று யோசிக்கும், மறுபடி ஏறும். இத்தனை வருஷமும் மெஷின் சத்தத்துக்கு அடியில் அது ஓடியிருக்கிறது. பெல்ட் மாட்டி மெஷின்கள் கிளம்பியபோது அவளுக்கு அழுகை வந்தது. இந்த மெட்டு வெளியே நாலு பேர் காதில் விழாமல் நான் சாகக்கூடாது என்று அவள் முடிவு செய்தாள்.

"கிட்டாரா? இந்த வயசுலயா?" என்றார் அவள் புருஷன் கஸ்பார்.

"வயசு கெடக்கட்டும். விரலு பத்தும் இருக்கில்லா."

கஸ்பார் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் துறைமுகத்தில் கிரேன்காரனுக்குக் கை காட்டும் சிக்னல்மேனாக இருபத்தைந்து வருஷம் நின்றவர். ஆள்காட்டி விரலை வானத்தைப் பார்த்து நீட்டிச் சின்ன வட்டம் போட்டால் தூக்கு, உள்ளங்கையைக் கவிழ்த்துத் தாழ்த்தினால் இறக்கு, முஷ்டியை மூடினால் நிறுத்து. கப்பல் வயிற்றிலிருந்து எத்தனை டன் வந்தாலும் அந்த ஒரு விரலுக்குக் கட்டுப்பட்டு வரும். இரண்டு வருஷத்துக்கு முன் கண்ணில் ஆப்பரேஷன் ஆனதும் அவரைக் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்த்திவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் டிவி பார்க்கும்போது அவர் கைகள் இரண்டும் மடியில் வேலை வெட்டி இல்லாமல் கிடந்தன. பெர்பெத்துவா அதைப் பார்க்காதமாதிரி பார்ப்பாள்.

கிறிஸ்துமஸ் போனஸையும் தான் தனியாகச் சேர்த்ததையும் சேர்த்து ஒன்பதாயிரத்தைச் சுருட்டிப் பர்சில் வைத்துக்கொண்டு, ஜனவரி முதல் சனிக்கிழமை அவள் இசைக்கருவிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் கோயில்பிள்ளை அண்ணாச்சி டிரம்முக்குத் தோல் இறுக்கிக்கொண்டிருந்தார்.

"மகனுக்காம்மா?"

"எனக்குத்தான் அண்ணாச்சி. கையில ஒம்பதாயிரம் இருக்கு. அதுக்கு மேல அஞ்சு பைசா கெடையாது."

அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. எடுத்த எடுப்பில் உண்மையைச் சொல்கிற வாடிக்கையாளர் வருஷத்துக்கு ஒருத்தர் வந்தால் அதிகம்.

"அப்ப கேளுங்க. ஆறு கிட்டாருக்கு, மூணு ஆம்ப்ளிஃபயருக்கு. நெறைய பேரு இத மாத்திச் செஞ்சிட்டு வந்து எங்கிட்ட அழுவாங்க. மட்டமான கிட்டார நல்ல பெட்டில சொருவுனா மட்டமான சத்தம் பெருசா கேக்கும், அவ்ளோதான். வீட்டுக்குப் பத்து வாட்டு தாராளம். நூறு வாட்டு வாங்குனா பக்கத்து வீட்டுக்காரன் போலீசக் கூட்டிட்டு வருவான். கலரப் பாத்து மயங்கப்படாது. அத மொதல்ல சொல்லிட்டேன்."

அவர் மூன்று கிட்டார்களை எடுத்து வைத்தார். சிவப்பில் ஒன்று, அதன் வயிற்றில் நெருப்புக் கக்கும் பாம்பு ஸ்டிக்கர். வான நீலத்தில் ஒன்று. ஆறிப்போன டீ நிறத்தில் ஒன்று. பெர்பெத்துவாவின் கண் நேரே சிவப்புக்குத்தான் போனது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அண்ணாச்சி சொல்லிக்கொடுத்தபடி கழுத்துப்பலகையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் சிவப்பு லேசாக வளைந்திருந்தது. கழுத்தின் ஓரத்தில் விரலை ஓட்டினால் நீலத்தின் குறுக்கே பதித்த கட்டைக் கம்பிகள் முள்ளாகக் குத்தின. டீ நிறம் மட்டும் ஒழுங்காக நிமிர்ந்து, வழவழவென்று, முறுக்கிவிட்ட சுருதி கால் மணி நேரம் ஆகியும் இறங்காமல் நின்றது. ஆறாயிரத்து ஐந்நூறு. பாம்பை ஒரு தடவை ஏக்கமாகப் பார்த்துவிட்டு டீயை எடுத்துக்கொண்டாள்.

"கம்பிய அமுத்திப் பாருங்க. ஒரு மாசத்துக்கு விரலு நுனி எரியும். பயந்துராதிங்க."

அழுத்தினாள். ஒன்றும் எரியவில்லை. இருபத்திரண்டு வருஷத்து உப்பு அந்த வேலையை ஏற்கெனவே முடித்து வைத்திருந்தது.

ஆம்ப்ளிஃபயர் வாங்குவதில்தான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள், உப்புக் கொட்டகையில் வளர்ந்த கை மட்டுமே செய்யக்கூடிய தப்பு. புதுப் பெட்டிகள் நாலைந்து அடுக்கியிருந்தன. சத்தத்தைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்று அண்ணாச்சி கிளிப்பிள்ளைக்குச் சொல்கிறமாதிரி சொல்லியும், அவள் ஒவ்வொன்றையும் ஒரு கையால் எம்பிப் பார்த்தாள். நாலு கிலோ, ஐந்தே கால், மூன்றரை. கடைசியில் மேசைக்கு அடியில், கலைந்துபோன ஆர்கெஸ்ட்ரா ஒன்றிடமிருந்து மொத்தமாக வாங்கிய சாமான்களோடு, கம்பெனிப் பெயர்த் தகடு உதிர்ந்த ஒரு கறுப்புப் பெட்டி கிடந்தது. தலையணை அளவுதான். எம்பினாள், பதினொன்று என்றது கை. கீழே வைத்து மறுபடி எம்பினாள், ஒன்பதரை. இன்னொரு தடவை எம்பினாள், பத்தே கால்.

அவள் கை அதுவரை பொய் சொன்னதில்லை. அதைப் பொய்யாக்கிய சாமானைக் கடையில் விட்டுவிட்டுப் போனால் ராத்திரி தூக்கம் வராது என்று பட்டது.

"பழசும்மா. பத்து வாட்டுதான். இரைச்சல் கொஞ்சம் வரும்" என்றார் அண்ணாச்சி.

"எவ்ளோ?"

"ரெண்டாயிரம் குடுங்க. ஒயரும், தோள்வாரும், கம்பி ஒரு செட்டும் மிச்ச ஐந்நூறுல முடிச்சித் தாரேன். ஆட்டோவுக்கு அம்பது ரூவா எங்கிட்ட வாங்கிட்டுப் போங்க, பரவால்ல."

திங்கட்கிழமை சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்து, போனில் ஒரு பையன் சொல்லிக்கொடுத்ததைப் பார்த்து அவள் முதல் கார்டு பிடித்தாள். சில கம்பிகளை அமுக்கிக்கொண்டு எல்லாக் கம்பிகளையும் ஒரு சேரத் தட்டுவதற்குப் பெயர் கார்டு. அதில் சுலபமானது இ மைனர், இரண்டே விரல் போதும். பெட்டியில் சத்தம் கூட்டும் திருகை இரண்டில் வைத்து, மேலிருந்து கீழாக ஒரு தட்டு தட்டினாள். சத்தம் இரைச்சலோடு, ஆனால் நன்றாகவே வந்தது. அடுப்படியில் தட்டுகள் எழும்பின. பிளாஸ்டிக் நாற்காலியில் டீயோடு உட்கார்ந்திருந்த கஸ்பார் நாற்காலியோடும் டீயோடும் தரையிலிருந்து ஒரு சாண் எழும்பினார்.

"ஏட்டி, மெதுவா. டீ சிந்துது" என்றார்.

சத்தம் அடங்க அடங்க அவர் மெல்ல இறங்கி, நாற்காலிக் கால் நாலும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. அவர் மிச்ச டீயைக் குடித்தார். "திருக மூணுல வையி, பாப்போம்" என்றார்.

மூன்றில் வைத்தபோது தெரு எழும்பியது. கட்டிடங்கள் எழும்பவில்லை, அஸ்திவாரம் உள்ளவை இருந்த இடத்தில் இருந்தன. மற்றபடி ஆட்கள், ஆடுகள், சைக்கிள்கள், கொடியில் காய்ந்த துணிகள், தண்ணீர்க் குடங்கள், பதினான்காம் நம்பர் வீட்டில் மூட்டு வலியோடு படுத்திருந்த ரெபேக்கா மைனி, அவர் படுத்திருந்த கட்டில், எல்லாம் ஒரு முழம் எழும்பி நின்று, இறங்கின. தெருக்கோடி மின்கம்பம் வரைக்கும் அது எட்டியது, கம்பத்துக்கு அந்தப் பக்கம் எட்டவில்லை. பத்து வாட்டுக்கு அவ்வளவுதான் என்று கஸ்பார் எல்லாருக்கும் விளக்கினார்.

மறுநாள் சாயங்காலம் ரெபேக்கா மைனி பதினேழாம் நம்பர் வாசலில் வந்து உட்கார்ந்தார். "பெர்பெத்து, அந்தச் சத்தத்தப் போடு தாயி. ரெண்டு வருசமா இந்த முட்டி என்னயத் தூங்க விடல" என்றார். அதற்கு அடுத்த நாள் முட்டிக்காரர்கள் ஒன்பது பேர் வந்தார்கள், அதற்கு அடுத்த நாள் நிறைமாதக்காரிகள் இரண்டு பேர், அதற்கு அடுத்த வாரம் மாடிக்குத் தண்ணீர்த் தொட்டி ஏற்ற வேண்டியவர்கள், பீரோவைத் திருப்பிப்போட வேண்டியவர்கள், பஞ்சரான ஆட்டோவைத் தள்ள வேண்டியவர்கள், கல்யாணத்துக்கு அண்டாவில் பிரியாணி இறக்க வேண்டியவர்கள் எல்லாரும் வந்தார்கள். பழைய பேப்பர்க்காரர் ஒரு சாயங்காலம் தராசைத் தூக்கிப் பிடித்தபோது நாற்பது கிலோ பேப்பர் தராசைத் தூக்கிப் பிடித்தது. மீன்காரி கூடை நிறையச் சாளை வைத்துக்கொண்டு முள் பூஜ்யத்தைத் தாண்டவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆக, எடை போட்டு விற்கிற வியாபாரமெல்லாம் கம்பத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. குழந்தைகளுக்கு ஊசி போட வந்த நர்சம்மாவும் எடை பார்க்கும் தொட்டிலை அங்கேதான் கட்டினார். பங்குச்சாமி வந்து ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார், பூசை நேரத்தில் வாசிக்க வேண்டாம், ஜெபம் மேலே போகட்டும், ஜனங்கள் கீழே இருக்கட்டும் என்று. தெரு ஒத்துக்கொண்டது.

லோடுமேன்கள் மட்டும் சும்மா ஒத்துக்கொள்ளவில்லை. தெருவில் ஒரு உப்புக் குடோன் இருந்தது. அதன் காண்ட்ராக்டர் சத்தமில்லாமல் லோடு ஏற்றும் நேரத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றி, மூட்டையில் கனமே இல்லையே, பிறகு எதற்குக் கூலி என்று கேட்டுவிட்டார். சங்கத் தலைவர் சுடலைமணி நாற்பது பேரோடு பதினேழாம் நம்பர் வாசலுக்கு வந்தார். அவருடைய வலது தோள் காய்த்துப்போய், சட்டைக்குள் இன்னொரு மூட்டை வைத்தமாதிரி இருக்கும்.

"யக்கா, ஒங்க மேல கோவம் இல்ல. ஆனா எங்க சோத்துல மண்ண அள்ளிப் போட்ருதியள."

பெர்பெத்துவாவுக்கு உடம்பு கூசியது. கிட்டாரை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு அவளும் அவர்களோடு காண்ட்ராக்டரிடம் போனாள். மூட்டைக்கு இவ்வளவு கூலி, எடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்று அன்றைக்கே பேசி முடித்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில் அவள் மெட்டு என்ன ஆனது என்று ஒருவரும் கேட்கவில்லை. மெட்டுக்கு மூன்று கார்டு வேண்டும். முதல் கார்டில்தான் எல்லாம் எழும்புகிறது. இரண்டாவதுக்கு விரல் மாற்ற வேண்டும், மூன்று விரல் வேண்டும். அதை ஒரு தடவை மாற்றிப் பார்த்தாள். அன்றைக்கு மைனி வீட்டு ஃப்ரிட்ஜ் மாடிப்படியில் பாதி தூரம் மிதந்துகொண்டிருந்தது. இரண்டாவது கார்டு பாதி விழுந்ததுமே ஃப்ரிட்ஜ் தொப்பென்று படியில் உட்கார்ந்து, கதவு நெளிந்து, உள்ளே இருந்த மீன் குழம்பு படி வழியாகக் கீழே இறங்கி வந்தது. யாருக்கும் அடி இல்லை. ஆனாலும் அன்று சாயங்காலமே தெருக் கூடி முடிவெடுத்தது: பெர்பெத்து விரல் மாற்றக் கூடாது.

"வேணும்னா பெட்டிய அணைச்சிட்டு வாசிச்சிக்கிடேன்" என்றார் மைனி, சமாதானமாக.

பெட்டியை அணைத்துவிட்டு வாசித்தால் அந்தக் கிட்டார் கொசு மாதிரி முனகும். அவள் விடிகாலையில் அப்படித்தான் பழகினாள், மூன்று கார்டையும் பழகினாள், விரல்கள் தாமாகவே இடம் மாறுகிற அளவுக்குப் பழகினாள். ஆனால் கொசுச் சத்தம் கொட்டகையிலும் அவளுக்கு இருந்ததுதானே. தனக்கு மட்டும் கேட்கிற மெட்டைத் தனக்கு மட்டும் கேட்கிறமாதிரி வாசிக்கவா ஒன்பதாயிரத்தையும் கொடுத்தாள்?

அவள் சண்டை போட்டிருக்கலாம். போடாததற்குக் காரணம் கஸ்பார். முதல் தண்ணீர்த் தொட்டியை மாடிக்கு ஏற்றிய அன்று, ஆளாளுக்கு மேலே கீழே என்று கத்திக்கொண்டிருந்தபோது, அவர் யாரும் சொல்லாமலே நடுத்தெருவில் போய் நின்றார். கால்களை அகட்டினார். ஆள்காட்டி விரலை வானத்துக்கு நீட்டிச் சின்னதாக ஒரு வட்டம் போட்டார். வாசலில் உட்கார்ந்திருந்த பெர்பெத்துவா கார்டைத் தட்டித் திருகைக் கூட்டினாள், மாடியில் நின்றவர்கள் கயிற்றைச் சுண்ட, தொட்டி எழும்பியது. உள்ளங்கையைத் தாழ்த்தினார், அவள் குறைத்தாள், தொட்டி மொட்டைமாடிச் சுவரைத் தாண்டி, பூப்போல உட்கார்ந்தது. முஷ்டியை மூடினார். தெருவே கைதட்டியது. மறுநாள் அவர் டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய விசிலையும் வெள்ளைக் கையுறையையும் எடுத்துத் துவைத்துக் காயப்போட்டிருந்தார். யாருக்கு எப்போது என்ன தூக்க வேண்டும் என்று ஒரு நோட்டில் வரிசை எழுத ஆரம்பித்தார். சாப்பிடும்போது பேச ஆரம்பித்தார். அவரிடம் போய், எனக்கு இந்த ஒரு கார்டு அலுத்துவிட்டது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவள் அவரை அவ்வளவு நேசித்தாள்.

ஆனால் கையை ஏமாற்ற முடியாது. தினமும் காலையில் தரை கூட்டுவதற்காக அவள் அந்தப் பெட்டியை ஒரு கையால் எடுத்து நகர்த்துவாள். பிப்ரவரியில் அது பதினாறு கிலோ. மார்ச்சில் இருபத்தேழு. ஈஸ்டர் கழிந்து ஐம்பது, சரியாக ஒரு உப்பு மூட்டை. மே மாதம் அவளால் அதை அசைக்க முடியவில்லை. ஜூனில் அதன் அடியில் இருந்த டைல்ஸ் வெடித்தது.

"மட்டமான டைல்ஸு" என்றார் கஸ்பார்.

"டைல்ஸு இல்லங்க. தூக்குன கனம் பூராவும் இதுக்குள்ளதான் போயிருக்கு."

"கனம் எங்கயாவது போவுமா? அது இல்லாம ஆயிருச்சி, அவ்ளோதான்."

உப்பு தண்ணீரில் கரைந்தால் இல்லாமல் போய்விட்டது என்று நினைக்கிறவர்கள் உப்பளத்தில் வேலை பார்க்காதவர்கள். அவள் வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஜூலையில் பெட்டி தரைக்குள் இரண்டு விரல்கடை இறங்கியிருந்தது, வாசல் சுவரில் ஒரு கீறல் ஓடியிருந்தது. இப்படியே தூக்கிக்கொண்டிருந்தால் வீடு நிற்காது; இறக்க வேண்டும் என்றால், அன்று ஃப்ரிட்ஜை இறக்கியமாதிரி, விரல் மாற்ற வேண்டும்; மாற்றினால் அவர் முகம் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

அந்த மாதக் கடைசியில்தான் நங்கூரத் தெருத் திருவிழா. மாதா சொரூபம் வைத்த தேக்குச் சப்பரம் தெருவைச் சுற்றி வரும். அதைத் தூக்குகிறவர்கள் லோடுமேன்கள், ஆண்டாண்டு காலமாக. மற்ற நாளெல்லாம் கூலிக்குத் தூக்குகிறோம், ஒரு நாள் நேர்ச்சைக்குத் தூக்குகிறோம் என்பார்கள். மகள் கல்யாணம் நடந்தவன், கடலில் போன தம்பி திரும்பி வந்தவன், குடியை விட்டவன், எல்லாரும் அன்றைக்குத் தோள் கொடுப்பார்கள். சாதி மதம் பார்ப்பதில்லை, சுடலைமணியே வருஷம் தவறாமல் முன் கம்புக்கு நிற்பவர். இந்த வருஷம் திருவிழாக் கமிட்டி கஸ்பாரைச் சப்பரத்துக்குப் பொறுப்பாளராகப் போட்டது. நாற்பது பேர் எதற்கு, நாலு பேர் கம்பைத் தொட்டுக்கொண்டு வந்தால் போதும், மிச்சத்தை என் சம்சாரம் பார்த்துக்கொள்வாள் என்று அவர் சொன்னதும் கமிட்டி மேசையைத் தட்டியது. அன்று வீட்டுக்கு வந்தவர் கண்ணாடி முன்னால் நின்று விரலைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து சுடலைமணி தனியாக வந்தார். கஸ்பார் டூட்டியில் இருந்தார்.

"யக்கா, எம் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கெடக்கும்போது நான் மாதாவுக்கு நேந்துக்கிட்டேன். இந்த வருசம் முன் கம்புல, சுத்தி முடியுற வரைக்கும் தோளு மாத்த மாட்டேம்னு. அவ பொழைச்சி வந்துட்டா. கனமே இல்லாதத தூக்கிட்டுப் போயி, இந்தா தாயே ஒன் நேர்ச்சன்னு நான் எப்பிடிச் சொல்ல?" காய்த்த தோளைத் தடவிக்கொண்டார். "அன்னைக்கி ஒரு நாளைக்கி எங்களுக்குக் கனம் வேணும்."

பெர்பெத்துவா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதத்தில் அவளிடம் வந்து கனம் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"தாரேன்" என்றாள். "கொஞ்சம் கூடவே வரும். தாங்குவியளா?"

"எவ்ளோ?"

"ஆறு மாசத்து கனம். தெருவுல எல்லார் மேலயும் பிரிஞ்சிதான் விழும். ஆனா ஒங்களுக்குக் கூட விழும்."

"நாப்பது பேரு இருக்கோம்" என்றார் சுடலைமணி. "ஒங்களுக்கு என்ன வேணும்க்கா?"

"நின்னு கேக்கணும். முழுசா. நான் முடிக்குத வரைக்கும் நகரப்படாது."

திருவிழா அன்று மாலை ஆறு மணிக்கு, வெளிச்சம் போகாமல் மஞ்சளாக நிற்கும்போது, சப்பரம் பதினேழாம் நம்பர் வாசலுக்கு எதிரே, சுற்றக் கிளம்பத் தயாராக முக்காலிகள் மேல் நின்றது. பூமாலையும் சீரியல் பல்பும் சூடி மாதா மேலே நின்றாள். நாலு பேர் கம்பைத் தொட்டுக்கொண்டு நின்றார்கள். லோடுமேன்கள் நாற்பது பேரும் துவைத்த வேட்டியில், கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் ஓரமாக நின்றார்கள். கஸ்பார் வெள்ளைக் கையுறையோடு நடுத்தெருவில் நின்று விசில் ஊதினார். விரலை நீட்டி வட்டம் போட்டார்.

அவள் முதல் கார்டைத் தட்டினாள். சப்பரம் முக்காலிகளை விட்டு எழும்பியது, கூடவே தெருவும் ஒரு சாண் எழும்பியது, ஜனங்கள் பழகிய சந்தோஷத்தில் "மரியே வாழ்க" என்றார்கள். கஸ்பார் முஷ்டியை மூடினார். அவர் முகம் கிரேன் காலத்து முகமாக இருந்தது. பெர்பெத்துவா அந்த முகத்தை ஒரு முழு மூச்சு நேரம் பார்த்து வைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் தரையில உக்காருங்க. புள்ளைகள மடியில வச்சிக்கிடுங்க" என்று கத்தினாள். "சுடலைமணி, தோளு குடுங்க!"

நாற்பது பேரும் பாய்ந்து கம்புகளுக்கு அடியில் புகுந்தார்கள். கஸ்பார் திரும்பினார். "ஏட்டி, என்னட்டி செய்யுத?" என்றார். அதற்குள் அவள் விரல் மாறிவிட்டது.

இரண்டாவது கார்டில் ஆறு மாதத்து ஃப்ரிட்ஜும் தொட்டியும் பீரோவும் அண்டாவும் முட்டிகளும் கட்டில்களும் உப்பு மூட்டைகளும் இறங்கின. தெரு முழுக்க உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தபடி கனத்தார்கள். கழுத்து கனத்தது, கண் இமை கனத்தது, நடுத்தெருவில் நின்ற கஸ்பார் முழங்கால் மடங்கித் தரையில் உட்கார்ந்தார். சப்பரம் இறங்கி நாற்பது தோள்களில் விழுந்தது. "யம்மா!" என்று நாற்பது பேரும் ஒரே குரலில் அலறினார்கள், அலறலில் பாதி சிரிப்பாக இருந்தது. சுடலைமணியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்க அவருக்குக் கை இல்லை. வீட்டுக்குள் வெடித்த டைல்ஸ் மேல் பெட்டி லேசாகி அதிர்வதை அவள் கேட்டாள்.

பிறகு மூன்றாவது கார்டு வந்தது, அவரவர் கனம் அவரவருக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து அவள் மெட்டைத் தொடங்கினாள்.

மூன்று படி ஏறியது, இரண்டு படி இறங்கியது, நின்று யோசித்தது. முதல் கார்டு வரும்போதெல்லாம் தோள்கள் லேசாகும், இரண்டாவதில் கனக்கும், மூன்றாவதில் சமமாகும். சப்பரமும் அதைத் தாங்கியவர்களும், சுற்றி உட்கார்ந்த ஜனமும், துறையில் கட்டிப்போட்ட வள்ளங்கள் மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். எதையும் தூக்கிக்கொண்டு போக அது உதவாது. எழுந்து போகவும் யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு இடத்தில் அவள் தப்பாக வாசித்தாள், ஒரு இடத்தில் கம்பி கீச்சிட்டது. ரெபேக்கா மைனி முட்டியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி கேட்டார். நாற்பது பேரும் சொன்ன சொல்லுக்கு, முழுக் கனத்தோடு, ஒரு அடி நகரவில்லை.

மெட்டு முடிந்தது. கடைசித் தட்டின் இரைச்சலும் அடங்கியது. பெர்பெத்துவா தலையைத் தூக்கப் பயந்தாள். ஆறு மாதமாக அவர் பெருமையாக நீட்டிய விரலை எல்லார் முன்னாலும் மடக்கிவிட்டேனே என்று பட்டது. தூக்கித்தான் பார்த்தாள்.

கஸ்பார் தரையில்தான் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கையுறை மடியில் கிடந்தது. கண் நனைந்திருந்தது, அந்தக் கண் ஆப்பரேஷன் ஆன கண், அதில் தண்ணீர் வரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் அவளை, ஏதோ புதிதாகக் குடிவந்தவளைப் பார்க்கிறமாதிரி பார்த்தார். பிறகு அவருடைய வலது கை மடியிலிருந்து மெல்ல எழும்பியது. ஆள்காட்டி விரல் வானத்தைப் பார்த்து நீண்டது. சின்னதாக ஒரு வட்டம் போட்டது.

"கஸ்பார் அண்ணாச்சி, தோளு பிஞ்சிரும்" என்றார் சப்பரத்துக்கு அடியிலிருந்து சுடலைமணி.

"பொறுங்கல" என்றார் கஸ்பார், அவளைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "அவ இன்னொருக்கா வாசிக்கட்டும்."